டிஜிட்டல் லாக்: யாருக்கு எத்தனை மணி வரை?

கேள்வி:

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடி. மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, தனியாக எழுந்து வாசல்வரை வர முடியாத நிலை. துபாயில் இருக்கும் என் கொழுந்தனார் லீவில் வந்திருந்தபோது வாசல் கதவுக்கு டிஜிட்டல் லாக் பொருத்தி, டிடிலாக் ஆப்பில் அவரே செட் செய்துவிட்டுப் போனார். கோடு, அதாவது கதவைத் திறக்க அழுத்தும் ரகசிய எண், போடும் வசதியை என் போனுக்கும் கொடுத்திருக்கிறார்.

சமையல்காரம்மாவுக்குக் காலை 6 முதல் 9 வரை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு 9 முதல் 12 வரை, அத்தையைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பும் பெண்ணுக்குக் காலை 8 முதல் இரவு 8 வரை என்று தினசரிக் கோடுகள். பொருத்திய அன்று காலை பத்து மணிக்கு, சமையல்காரம்மா கோடையும் ஏஜென்சிப் பெண்ணின் கோடையும் கொழுந்தனார் அழுத்திக் காட்டினார், இரண்டும் திறந்தன. அதன் பிறகு ஒரே குழப்பம். சமையல்காரம்மா 6.30க்கு வந்து அழுத்தினால் திறக்காது. ஒருநாள் தாமதமாக 7.45க்கு வந்தார், அன்று திறந்தது. வேலைக்கார அக்காவுக்கு 11 மணிக்கு வந்தால் திறக்கிறது, 10 மணிக்கு வந்தால் திறப்பதில்லை. நம்பரை மறந்துவிட்டு ஏதோ அழுத்துகிறார் என்று நினைக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி வரும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலையே ஒரு மாதத்துக்குக் கோடு போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். திங்கட்கிழமை 11 மணிக்கு அவர் வந்து அழுத்தியபோது திறக்கவில்லை. இன்றுவரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

போன வாரம் நடந்ததுதான் பயமுறுத்திவிட்டது. நான் ஆபீஸ் கிளம்பிய பிறகு 8.50க்கு, மருந்துக் கடைப் பையன் வந்திருக்கிறான் என்று ஏஜென்சிப் பெண் கீழே இறங்கியிருக்கிறார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திரும்பி வந்து கோடு அழுத்தினால் ஏற்கவில்லை. உள்ளே அத்தை தனியாக. நான் பாதி வழியில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, 9.35க்கு அதே கோடு திறந்துவிட்டது என்று போன் வந்தது. பூட்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி சாவிக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். நேரத்தை எப்படித்தான் செட் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் காரியமாக வேலைக்கார அக்காவின் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். அவர் சரியான நம்பரைத்தான் அழுத்துகிறார். நீங்கள் எழுதிய நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 6 மணிக்குத் தொடங்க வேண்டிய கோடு 6.30க்கு ஏற்கவில்லை, 7.45க்கு ஏற்கிறது. 9 மணிக் கோடு 10க்கு ஏற்கவில்லை, 11க்கு ஏற்கிறது. 8 மணிக் கோடு 9.35க்குத் திறந்தது. மூன்றுமே ஒன்றரை மணி நேரம் தள்ளி விழித்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. இந்தியாவுக்கும் துபாய்க்கும் உள்ள நேர வித்தியாசமும் அதே ஒன்றரை மணிதான். நாம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால், அவர்கள் நான்கு மணி முன்னால். உங்கள் வாசல் கதவு துபாய் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகைப் பூட்டை ஆப்பில் முதன்முதலாகச் சேர்க்கும்போது, சேர்க்கிற போனில் என்ன நேரம் இருக்கிறதோ அதைத்தான் பூட்டு எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் மீட்டிங் தப்பக்கூடாது என்று லீவிலும் போனைத் துபாய் நேரத்திலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. கொழுந்தனாரும் அப்படித்தான் வைத்திருந்திருப்பார். அவர் அழுத்திக் காட்டிய அன்றே விஷயம் வெளிவந்திருக்க வேண்டும்: 9 மணியோடு முடிய வேண்டிய சமையல்காரம்மா கோடு பத்து மணிக்கு எப்படித் திறந்தது? கோடு திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திறக்கக்கூடாத நேரத்தில் திறக்காமல் இருக்கிறதா என்றும் அழுத்திப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டு போடுகிற யாருமே இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதில்லை.

 

கடிகாரம் தப்பினால் கோடும் தப்புவது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து ஒரு கோடு உருவாக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது, அந்தச் செய்தி பூட்டுக்குப் போவதே இல்லை. அதற்கு இன்டர்நெட்டும் கிடையாது. பூட்டைச் சேர்த்த நாளில் அதற்கும் ஆப்பின் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் பதிவாகிறது. அந்த ரகசியத்தையும் நீங்கள் கேட்கும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சர்வர் ஒரு எண்ணைத் தருகிறது. வாசலில் அந்த எண்ணை அழுத்தும்போது பூட்டும் தன் பங்குக்கு அதே கணக்கைப் போட்டு, இது எந்த நேரத்துக்கான கோடு, இப்போது செல்லுமா என்று தன் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. யாரிடமும் கேட்காது. கரண்ட் இல்லாவிட்டாலும் வைஃபை போனாலும் கோடு வேலை செய்வது இதனால்தான். ஆனால் பூட்டின் கடிகாரம் தப்பு என்றால் தட்டிக் கேட்கவும் ஆள் கிடையாது.

சரிசெய்யும் வழி: ஆப்பில் பூட்டின் செட்டிங்ஸுக்குள் கடிகாரம் என்று ஒரு இடம் இருக்கும், பதிப்புக்கு ஏற்பப் பெயர் கொஞ்சம் மாறலாம். கதவருகே ப்ளூடூத் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு அதைத் திறந்தால், பூட்டு இப்போது என்ன நேரம் என்று நினைக்கிறது எனக் காட்டும். நேர மண்டலம் இந்தியாதானா என்று பார்த்து, மாற்றி, நேரத்தையும் சரிசெய்யுங்கள். மண்டலத்தை மாற்ற ஆப் வழிவிடவில்லை என்றால், பூட்டை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு இந்திய நேரத்தில் இருக்கும் போனிலிருந்து மறுபடி சேர்க்க வேண்டும். அப்போது எல்லாக் கோடும் கைரேகையும் அழிந்துவிடும். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் சரிசெய்தாலும் பழைய கோடுகளை நம்பாமல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

கடிகாரம் சரியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அத்தை உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட அந்த முக்கால் மணி நேரம் மறுபடியும் வரும், காலையில் இல்லாமல் ராத்திரியில். ஒருநாள் மழையில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்காக ஏஜென்சிப் பெண் 8 மணிக்கு மேலும் காத்திருப்பார். 8.10க்குக் குப்பை கொட்டவோ பார்சல் வாங்கவோ வெளியே காலெடுத்து வைப்பார். இந்த முறை பூட்டு சரியாகவே வேலை செய்து அவரை வெளியே நிறுத்திவிடும். 9 மணி வரை நீட்டினால் 9.05க்கு நடக்கும்.

அவர் கோடுக்கு மணிக் கட்டுப்பாடே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எத்தனை நாள் என்பதை மட்டும் கட்டுங்கள். இன்று முதல் பதினைந்து நாள், இருபத்துநான்கு மணி நேரமும் செல்லும் என்று அவர் ஒருவருக்கென்று ஒரு கோடு. பதினைந்து நாள் கழித்து அவரே தொடர்ந்தால் புதுக் கோடு. ஏஜென்சி வேறு ஆளை அனுப்பினால் அவருக்கு வேறு கோடு, பழையது அன்றைக்கே நீக்கம். 'ஏஜென்சி கோடு' என்று ஒன்றை வைத்து, வருகிறவர் எல்லோருக்கும் அதையே சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. அத்தையோடு பகல் முழுக்க அவரைத் தனியாக விடுகிற அளவுக்கு நம்புகிறீர்கள். ராத்திரி 8.10க்கு அவர் மறுபடி உள்ளே வருவதைத் தடுத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? எழுந்து வர முடியாதவரின் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ, அவரைக் கடிகாரம் வெளியே தள்ளக்கூடாது.

ராத்திரிக்கும் ஆள் போடும் எண்ணம் இருந்தால் அவருக்கும் இதே முறைதான். தினசரிக் கோடில் இரவு 8 முதல் காலை 8 என்று போட நினைத்தால் பல ஆப்களில் தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம் சிறியது என்று மறுத்துவிடும். நள்ளிரவில் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். நாள் கணக்குக் கோடில் அந்தத் தலைவலியே கிடையாது.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் அன்று நீங்கள் பாதி வழியில் திரும்பியிருக்க வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஆப்பில் ஒருமுறைக் கோடு ஒன்றை உருவாக்கி, போனில் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். உங்கள் போனில் இன்டர்நெட் இருந்தால் போதும். இந்த ஒருமுறைக் கோடு ஆறு மணி நேரத்துக்குள் ஒரே ஒருதடவை திறக்கும், அதோடு சரி. வீட்டில் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்து வையுங்கள். கேட்வே என்ற சின்னப் பெட்டியை வாங்கி வைஃபையோடு இணைத்தால் எங்கிருந்தும் நீங்களே கதவைத் திறக்கலாம், கோடை நீக்கலாம், யார் எப்போது வந்தார் என்று அப்போதைக்கப்போது பார்க்கலாம். இப்போது கதவருகே போன் வந்தால்தான் அந்தப் பதிவுகள் கிடைக்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு வாங்கத்தான் சொல்வேன். பெரும்பாலான கேட்வேக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைத்தான் பிடிக்கும், 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் தேடிச் சலித்துப்போகாதீர்கள். கரண்ட் போனால் ரௌட்டரோடு அதுவும் படுத்துவிடும். அதனால் பூட்டோடு வந்த இரும்புச் சாவியில் ஒன்று எதிர் வீட்டில் இருக்கட்டும். கணவர் சொன்ன பழைய சாவிக்கு இந்த வீட்டில் இன்னும் வேலை இருக்கிறது.

இனி பிசியோதெரபிஸ்ட். இவருடைய கதை கடிகாரத்தோடு சேர்ந்ததல்ல. டிடிலாக் தானாக உருவாக்கித் தரும் கால வரம்புக் கோடுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடங்கும் நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது அந்தக் கோடைப் பூட்டில் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். கோடு போடும் திரையிலேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். நீங்கள் வெள்ளி மாலையில் தொடங்கும்படி போட்டீர்கள். அவர் திங்களன்று வந்தார். சனிக்கிழமை மாலையே அந்தக் கோடின் ஆயுள் முடிந்துவிட்டது. கோடு போட்ட கையோடு நீங்களே வாசலில் ஒருமுறை அழுத்தித் திறந்திருந்தால் மாதம் முழுக்க ஓடியிருக்கும்.

திங்கள், புதன், வெள்ளி மட்டும் என்று கட்டலாமா என்றால், தானாக வரும் கோடுகளில் தினமும், வேலை நாட்கள், வார இறுதி, அல்லது வாரத்தில் ஏதாவது ஒரு நாள் என்றுதான் தேர்வு இருக்கும். மூன்று நாளுக்கு மூன்று கோடு போட வேண்டும், எந்த நாளுக்கு எது என்று அவர் வாசலில் நின்று தேட வேண்டும். எனக்குக் கேட்டால் அவருக்குக் கோடே வேண்டாம். அவர் வருகிற 11 மணிக்கு உள்ளே ஏஜென்சிப் பெண் இருக்கிறார். பெல் அடிக்கட்டும். இருக்கிற கோடுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் எது யாருடையது என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

வேலைக்கார அக்காவுக்கும் பெல் போதாதா என்று தோன்றும். அவர் வருகிற நேரத்தில் ஏஜென்சிப் பெண் அத்தையைக் குளிப்பாட்டவோ கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவோ செய்துகொண்டிருந்தால், பாதியில் விட்டுவிட்டுக் கதவைத் திறக்க ஓடக்கூடாது. அதனால் அக்காவுக்குத் தனி வழி இருப்பது நல்லது. 9 முதல் 12 வரை சரியான இடைவெளிதான். ஆனால் அவருக்கு நம்பரைவிட, பூட்டில் காட்டினால் திறக்கும் அட்டை வசதி. பூட்டோடு இரண்டு மூன்று அட்டைகள் வந்திருக்கும். புதிய மாடல்களில் அட்டைக்கும் நாளும் மணியும் கட்டலாம், தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். கைரேகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறித் தேய்ந்த விரல்களைப் பல சென்சார்கள் படிப்பதில்லை. ரேஷன் கடை மெஷின் முன்னால் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையைக் கொடுக்கும்போது, எத்தனை மணிக்கு மேல் இது திறக்காது, வந்த நேரம் பதிவாகும் என்பதை வாயால் சொல்லிக் கொடுங்கள். பதிவைக் காட்டிச் சம்பளத்தில் கைவைக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு என்னிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

சமையல்காரம்மாவுக்கு 6 முதல் 9 என்பதை 5 முதல் 9 ஆக்குங்கள். இந்த வகைக் கோடுகளில் பெரும்பாலும் முழு மணியாகத்தான் போட முடியும், 5.45 என்றெல்லாம் போட வராது. பூட்டுக்குத் திங்கள் செவ்வாய் தெரியும், அமாவாசையும் தீபாவளியும் தெரியாது. ஒரு பண்டிகை நாளில் ஐந்தரைக்கே வந்து அவர் வாசலில் நிற்கக்கூடாது. முன்னால் ஒரு மணி நேரம் தாராளமாக விடுவதில் நஷ்டமில்லை, அந்நேரம் நீங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். பின்பக்கம் 9 மணியில் கண்டிப்பாக இருங்கள். நீங்கள் போன பிறகு வீட்டுக்குள் யார் வரலாம் என்பதைத்தான் அங்கே முடிவு செய்கிறீர்கள்.

நேரம் எவ்வளவு கட்டினாலும் அது உள்ளே வருவதற்கு மட்டும்தான். 9 மணிக்கு மேல் சமையல்காரம்மா உள்ளே மாட்டிக்கொள்வாரோ என்ற பயம் வேண்டாம், உள்பக்கக் கைப்பிடி எப்போதும் திறக்கும். ஆனால் கதவின் மேல் பகுதியில் பழைய தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறதா? ராத்திரி பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டுத் தூங்கினால் விடிகாலையில் சமையல்காரம்மாவின் கோடு பச்சை விளக்கு காட்டும், மோட்டார் சத்தம் கேட்கும், கதவு நகராது. பகலில் ஏஜென்சிப் பெண் அதைப் போட்டுவிட்டு உள்ளே தலைசுற்றி விழுந்தார் என்று வையுங்கள், கோடு, கேட்வே, எதிர் வீட்டுச் சாவி எதுவும் உதவாது. பகலில் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். பூட்டின் உள்பக்கம் தனி லாக் பட்டன் இருந்தால் அதற்கும் இதே விதி.

ஆப்பில் நேரம் கட்டும்போது 'பேசேஜ் மோட்' என்ற இடத்துக்குத் தெரியாமல் போய்விடாதீர்கள். அங்கேயும் கிழமை, தொடக்கம், முடிவு என்றுதான் கேட்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அங்கே போடும் நேரம் முழுக்கக் கதவு பூட்டாமல் திறந்தே கிடக்கும். கடை, கிளினிக் வைத்திருப்பவர்களுக்கான வசதி அது.

பேட்டரி தீர்ந்து பூட்டு பல மணி நேரம் செத்துக் கிடந்தால் கடிகாரம் மறுபடி தப்பிப்போகலாம். நிரந்தரக் கோடும் உங்கள் கைரேகையும் வழக்கம்போலத் திறக்கும், நேரக் கோடுகள் மட்டும் மறுக்கும். இதுதான் அடையாளம். பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை வந்ததுமே நான்கு ஏஏ அல்கலைன் பேட்டரிகளையும் சேர்த்து மாற்றி, மாற்றிய கையோடு கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டாம். அதன் மின்னழுத்தமே 1.2 வோல்ட், புதிதாகப் போட்டாலும் தீர்ந்துவிட்டது என்று பூட்டு கத்தும்.

கடைசியாக, யார் பெயரில் இருக்கிறது என்ற விஷயம். முதலில் சேர்த்தவர் கொழுந்தனார் என்பதால் பூட்டின் முதன்மை அட்மின் அவர்தான். உங்களுக்குக் கொடுத்திருப்பது அவர் விரும்பினால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய அனுமதி. அவர் போனை மாற்றி, பாஸ்வேர்டு மறந்து உட்கார்ந்திருக்கும் நாளில் உங்கள் வாசல் கதவு துபாயில் இருக்கும் ஒருவரைச் சார்ந்து நிற்கக்கூடாது. ஆப்பில் பூட்டை வேறு கணக்குக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அவருக்குப் போன் செய்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தில் கைவைப்பதற்கு முன்னாலேயே இது முடிந்திருக்க வேண்டும்.